டிரேஸ்_பைப்_ரா: 2 நொடி உறக்கம் 0.121 நொடியாகத் தெரிவது ஏன்?

கேள்வி

வணக்கம். நான்கு சிபியு உள்ள ஓர் எக்ஸ்86 கணினியில், லினக்ஸ் கெர்னலுக்குள் நடப்பவற்றைப் பதிவு செய்யும் எஃப்டிரேஸ் தரும் மூலத் தரவை நேரடியாகப் படிக்கும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். ஸ்கெட்_ஸ்விட்ச் (சிபியுவில் ஓடும் செயல்முறை மாறுவது), ஸ்கெட்_வேக்கப் (உறங்கும் செயல்முறை எழுப்பப்படுவது) ஆகிய இரண்டு நிகழ்வுகளை மட்டும் இயக்கிவிட்டு, ஒவ்வொரு சிபியுவுக்கும் உரிய டிரேஸ்_பைப்_ரா கோப்பை 4096 பைட் பக்கங்களாகத் தனித்தனியே சேமிக்கிறேன். பக்கத்தின் முதல் 8 பைட் நேரமுத்திரை, அடுத்த 8 பைட் கமிட் (பக்கத்தில் உள்ள தரவின் நீளம்), மீதமுள்ள 4080 பைட்டில் நிகழ்வுகள் என்று வைத்து எழுதியதில், செயல்முறைகளின் பெயர்களும் எண்களும் பிழையின்றி வருகின்றன. நேரம்தான் இடறுகிறது.

வேறு வேலை எதுவும் ஓடாத ஒரு சிபியுவில் 'ஸ்லீப் 2' கட்டளையை ஓடவிட்டேன். அது உறங்கியதற்கும் எழுந்ததற்கும் இடையே 2 நொடி இருக்க வேண்டும். என் நிரலோ 0.121 நொடி என்கிறது. அதற்குப் பின் வரும் நிகழ்வுகள் எல்லாம் அதே அளவு பின்தங்கியே வந்து, அடுத்த பக்கம் தொடங்கும் இடத்தில் நேரம் தானாகச் சரியாகிவிடுகிறது. நிகழ்வின் வகையையோ நீளத்தையோ சொல்லும் டைப்_லென் 30 என்று வரும் நிகழ்வை 8 பைட் நீளமுள்ளதாகக் கொண்டு, அதன் டைம்_டெல்டாவை (முந்தைய நிகழ்விலிருந்து கடந்த நேரத்தை) கூட்டிவிட்டுத் தாண்டிச் செல்கிறேன்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. சில பக்கங்களில் கமிட்டின் மதிப்பு 2147487728 என்று வருவதால் நிரல் நின்றுவிடுகிறது. நான்கு கோப்புகளையும் நேர வரிசையில் இணைத்தால், ஒரு செயல்முறை எழுப்பப்படுவதற்குச் சில மைக்ரோநொடி முன்பே வேறொரு சிபியுவில் அது ஓடத் தொடங்கிவிட்டதாகச் சில இடங்களில் காட்டுகிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

நீங்கள் கொடுத்த 0.121 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வின் தலைப்பும் 32 பிட்தான். எக்ஸ்86இல் அதன் கீழ் 5 பிட் டைப்_லென், மேல் 27 பிட் டைம்_டெல்டா. 27 பிட்டில் 134217728 நானோநொடிக்கு, அதாவது சுமார் 134 மில்லிநொடிக்கு உட்பட்ட இடைவெளியைத்தான் எழுத முடியும். அதை விஞ்சும்போது கெர்னல் டைப்_லென் 30 என்ற நேர நீட்டிப்பை இடையில் வைக்கிறது. இடைவெளியின் மேற்பகுதி அதன் இரண்டாவது 4 பைட்டில் இருக்கிறது. நீங்கள் கீழ்ப்பகுதியை மட்டும் கூட்டிவிட்டு மேற்பகுதியை விட்டுவிட்டீர்கள். உங்கள் 2 நொடிக்கு அங்கே 14 என்று இருக்கும், திறந்து பாருங்கள். அதை 27 பிட் இடப்பக்கம் நகர்த்தினால் 1879048192 நானோநொடி, தொலைந்துபோன 1.879 நொடி அதுதான்.

அடுத்த பக்கத்தில் சரியாகிவிடுவதற்குக் காரணம், பக்கத்தின் தலையில் மட்டும் முழு நேரமுத்திரை இருப்பதும், உள்ளே இருப்பவை எல்லாம் முந்தைய நிகழ்விலிருந்து கணக்கிட்ட வித்தியாசங்களாக இருப்பதும்தான். இது வேண்டுமென்றே செய்த சிக்கனம். 64 பிட் கெர்னலில் ஸ்கெட்_ஸ்விட்சின் தரவு 64 பைட். 4 பைட் தலைப்பைச் சேர்த்தால் 68. அப்படி 60 நிகழ்வுகள் 4080 பைட்டில் சரியாக அடங்கும். ஒவ்வொன்றிலும் 8 பைட் நேரத்தை எழுதியிருந்தால் இத்தனை கொள்ளாது. செயல்முறை மாறும் ஒவ்வொரு முறையும் எழுதப்படும் தரவில் இந்த மிச்சம் சிறியதன்று.

டைப்_லென் 31 வந்தால் அது வித்தியாசம் அன்று, நேரமே. கூட்டாமல் மாற்றி வைக்க வேண்டும். 29 வெறும் நிரப்பி. 0 என்றால் நீளம் அடுத்த 4 பைட்டில் இருக்கும், அந்த 4 பைட்டையும் உள்ளடக்கி.

மறுமொழி 2

கமிட்டைப் பற்றி: 2147487728 என்பது 2147483648உம் 4080உம் சேர்ந்தது. முன்னது 31ஆம் பிட். இந்தப் பக்கத்துக்கு முன் நிகழ்வுகள் தவறிப்போயின என்று கெர்னல் அதன்மூலம் சொல்கிறது. 30ஆம் பிட்டும் எழுந்திருந்தால், எத்தனை தவறின என்ற எண்ணிக்கை தரவை அடுத்து எழுதப்பட்டிருக்கும். உங்கள் பக்கம் நிரம்பிவிட்டதால் அதற்கு இடமில்லை. நீளத்துக்குக் கீழ்ப் பிட்களை மட்டும் எடுங்கள். ஆனால் அந்தக் கொடியைத் துடைத்துவிட்டு மேலே போய்விடாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் ஒரு செயல்முறை ஓடியது என்று கணக்கிட்டால், அது இல்லாத ஒன்றைக் கணக்கிடுவதாகும். வெளியீட்டில் 'இங்கே இடைவெளி' என்று எழுதிவிடுங்கள். சிபியு அடைவிலேயே உள்ள ஸ்டாட்ஸ் கோப்பில் ஓவர்ரன் (படிக்குமுன் மேலெழுதப்பட்டு அழிந்த நிகழ்வுகள்) எண்ணிக்கையையும் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் பதிவு சேரும் நினைவிடத்தின் அளவான பஃபர்_சைஸ்_கேபி மதிப்பைக் கூட்ட வேண்டும்.

இணைக்கும்போது வரிசை புரள்வதற்குக் கடிகாரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டிரேஸ்_கிளாக் கோப்பைத் திறந்தால் நடப்பில் உள்ளது சதுர அடைப்புக்குறிக்குள் தெரியும். 'லோக்கல்' வேகமானது, ஆனால் சிபியுக்களுக்கு இடையே ஒத்துப்போகும் என்ற உறுதி அதற்குக் கிடையாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது 4 பைட்டில் 14தான் இருந்தது; கூட்டியதும் இடைவெளி 2.000 நொடியாக வந்துவிட்டது. கடிகாரம் 'லோக்கல்' என்றே இருக்கிறது. நான் பயன்படுத்தும் பழைய ஸ்கிரிப்ட் அப்படி எழுதி வைத்திருக்கிறது. பதிவு ஓடும்போதே 'குளோபல்' என்று மாற்றலாமா?

மறுமொழி 2

மாற்றக் கூடாது. அந்தக் கோப்பில் புதிய கடிகாரத்தை எழுதியவுடன் ரிங் பஃபரில் (நிகழ்வுகள் சேரும் அந்த நினைவிடத்தில்) உள்ளவை அழிந்துவிடும். பதிவைத் தொடங்குமுன் 'குளோபல்' அல்லது 'மோனோ' என்று வைத்துவிட்டு, எதை வைத்தீர்கள் என்பதைத் தரவோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

மறுமொழி 1

அதோடு, ஒவ்வொரு நிகழ்வின் ஃபார்மட் கோப்பையும் ஈவென்ட்ஸ் அடைவில் உள்ள ஹெடர்_பேஜ் கோப்பையும் அதே கணினியிலிருந்து அன்றைக்கே நகலெடுத்து வையுங்கள். நிரலும் அவற்றைப் படித்தே இடங்களை அறியட்டும். நிகழ்வு எண்கள் கெர்னலுக்குக் கெர்னல் மாறும். ஸ்கெட்_ஸ்விட்சில் உள்ள ப்ரெவ்_ஸ்டேட் (விலகும் செயல்முறையின் நிலை) 64 பிட்டில் 8 பைட், 32 பிட்டில் 4 பைட் என்பதால், அதை அடுத்து வரும் நெக்ஸ்ட்_காம் (அடுத்து ஓடும் செயல்முறையின் பெயர்) முன்னதில் 40ஆம் பைட்டிலும் பின்னதில் 36ஆம் பைட்டிலும் தொடங்கும். நிரல் ஓரளவு நிலைபெற்றதும், எஃப்டிரேஸை இயக்கிப் பதிவு எடுக்கும் டிரேஸ்-சிஎம்டி கருவியைக் கொண்டு ஒரு பதிவு எடுத்து, அதிலுள்ள பக்கங்களை உங்கள் நிரலுக்குக் கொடுத்து, அதே பதிவுக்கு 'ரிப்போர்ட்' கட்டளை தரும் வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.