பொருள்: டினை, ரிஜெக்ட் இரண்டும் ஒன்றா? ‘புறக்கணி’, ‘மறுத்துரை’ என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

உபுண்டு இயங்குதளத்தின் தீயரண் (வேண்டாத வலை இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்) மொழிபெயர்ப்பு இழையில் ஐயா நேற்று எழுதியது:

> டினை என்றால் மறு. ரிஜெக்ட் என்றால் நிராகரி. அகராதியிலேயே இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, அகராதியில் பிழை இல்லை. ஆனால் இந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது எந்த வேலையைச் செய்யும் என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு உபுண்டு சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் தீயரண் அமைப்பு. விதி சேர்க்கும் இடத்தில் நான்கு தேர்வுகள்: அலோ (அனுமதி), டினை, ரிஜெக்ட், லிமிட். பலகையில் ‘மறு’, ‘நிராகரி’ என்று எழுதினேன். காசிமேட்டிலிருந்து வரும் பெண் எழுந்து, “ரெண்டும் ஒண்ணுதானேண்ணா? அப்பால எதுக்கு ரெண்டு பட்டன்?” என்றாள். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

செய்து காட்டினேன். ஒரு கணினியில் பைத்தான் நிரல்மொழியோடு வரும் சின்ன வலை வழங்கியை (வெப் சர்வர்) 8000ஆம் துறையில் (போர்ட், அதாவது இணைப்பு வரும் எண்ணிட்ட வாசல்) ஓடவிட்டேன். அந்தத் துறைக்கு டினை விதி போட்டுவிட்டு, பக்கத்துக் கணினியின் உலாவியில் முகவரியை அடிக்கச் சொன்னேன். வட்டம் சுற்றியது. ஒரு நிமிடம் தாண்டியும் சுற்றிக்கொண்டே இருந்தது. “ஹேங் ஆயிடுச்சுண்ணா” என்றார்கள். விதியை ரிஜெக்ட் என்று மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் இணைக்க முடியவில்லை என்று திரையில் வந்துவிட்டது.

நடப்பது இதுதான். டினை, வந்த பொட்டலத்தை (பாக்கெட், வலையில் வரும் தரவுத் துண்டு) சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அனுப்பிய கணினிக்கு ஒரு தகவலும் போகாது. அது பதில் வரும் வரும் என்று திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது. ரிஜெக்ட்டும் உள்ளே விடாது, ஆனால் விடமாட்டேன் என்று பதில் அனுப்பும். டிசிபி, யூடிபி இரண்டும் கணினிகள் தரவு அனுப்பும் முறைகள். டிசிபி என்றால் இணைப்பை முறிக்கும் செய்தி போகும், யூடிபி என்றால் பிழைகளை அறிவிப்பதற்கான ஐசிஎம்பி முறையில் ஒரு பிழைச்செய்தி போகும்.

அதே பெண் சொன்னாள்: “வூட்ல ஆள் இருந்தும் கதவத் தொறக்காம கம்முனு இருக்கறது ஒண்ணு. ஜன்னலாண்ட வந்து ‘யாரும் வராதீங்க’ன்னு சொல்லி அனுப்பறது இன்னொண்ணு.”

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இப்போது சொல்லுக்கு வருகிறேன். தமிழில் மறுப்பு என்பது வெளியே சொல்லப்படுவது. மறுப்பறிக்கை விடுகிறோம், மறுத்துப் பேசுகிறோம். வாயே திறக்காத டினைக்கு ‘மறு’ என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிறது. லினக்ஸின் தீயரண் கருவியான ஐபிடேபிள்ஸில் இந்த வேலைக்கு டிராப் (கீழே போடு) என்றே பெயர். அதன்மேல் அமர்ந்திருக்கும் உபுண்டுவின் எளிய தீயரண் கருவி யூஎஃப்டபிள்யூதான் டினை என்கிறது. ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு, செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்:

டினை – புறக்கணி
ரிஜெக்ட் – மறுத்துரை

‘உரை’ சேர்ந்ததும், பதில் போகிறது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

> ‘திருப்பியனுப்பு’ இன்னும் எளிது.

எனக்கும் முதலில் அதுதான் பிடித்தது. ஆனால் வந்த பொட்டலம் அப்படியே திரும்பிப் போவதில்லை, ஒரு அறிவிப்புத்தான் போகிறது. வாங்க மறுத்த பதிவுத்தபால் திரும்பி வருவதுபோல மாணவர் நினைத்துக்கொள்வார். அதனால் விட்டுவிட்டேன்.

> ‘புறக்கணி’ என்றால் தேர்தல் புறக்கணிப்பு நினைவுக்கு வருகிறது.

வரட்டும் அக்கா. வந்தவரை ஏறிட்டும் பார்க்காமல் இருப்பதற்கும் வீட்டில் இதே சொல்தான். இங்கே வேண்டியது அந்தப் பொருள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உபுண்டுவில் 2008இல் வந்த 8.04 பதிப்பு முதல் இந்தத் தீயரண் இருக்கிறது. நாம் முடுக்கும் வரை தூங்கும். முடுக்கியதும் உள்வருபவைக்கு டினை, வெளிச்செல்பவைக்கு அலோ என்பதே இயல்பிருப்பு (டீஃபால்ட்). தமிழில் படிப்பவர் முதலில் பார்க்கப்போகும் சொல்லே இதுதான். அது தவறாக இருந்தால், கைபேசி கணினியோடு சேரவில்லையே என்று தேடும்போது எங்கே பார்ப்பது என்றே அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிக் கிழக்கிந்தியக் கும்பினியார் மதில் எழுப்பி, செலவுக்கு வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, மதிலிலும் ஒரு துண்டுதான் மிச்சம். பெயரை மட்டும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளியீட்டில் ‘மறு’ ஏறிவிட்டால் அதையும் இறக்க முடியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

லிமிட் பாக்கி. ஒரே முகவரியிலிருந்து 30 விநாடிக்குள் 6 முறையோ அதற்கு மேலோ இணைய முயன்றால் தடுப்பது. ‘வரம்பிடு’ என்று வைத்திருக்கிறேன். ‘மட்டுப்படுத்து’ என்றால் இணைய வேகத்தைக் குறைப்பதாகத் தோன்றுகிறது. வேறு சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு காலை மூன்றையும் பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல், எது என்ன செய்யும் என்று பிள்ளைகளையே கேட்கப்போகிறேன். அவர்கள் சொல்வதை அன்று இரவே இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து