சிஜே 3பி முன் ஆக்சில்: நக்கிளில் ஆயில் கசிவு, 40-ல் ஸ்டீயரிங் உதறல். முழுசாகப் பிரிக்க வேண்டுமா?

போடி ஜீப்:

வணக்கம். வண்டி 1974 மாடல் மகிந்திரா சிஜே 3பி, ஃபோர்வீல். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் மாட்டியது எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்து வேலை. ஏலத்தோட்டத்துக்கு ஆளும் உர மூட்டையும் ஏற்றிப் போக இன்றைக்கும் இதுதான்.

பிரச்சினை இரண்டு. இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம், சக்கரத்தோடு திரும்புகிற நக்கிளுக்குள் உருண்டையாக இருக்கிற பந்தில் ஆயில் வழிகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் டயரின் உள்பக்கம் ஈரம். இன்னொன்று, தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் உதறத் தொடங்குகிறது. கிட்டத்தட்ட நிற்கிற அளவுக்கு வேகம் குறைத்தால்தான் அடங்குகிறது. டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்புகிற கம்பிகளின் முனை மூட்டு) நாலும் புதுசு. வீல் பேலன்ஸும் பார்த்தாயிற்று.

பட்டறையில் ஆக்சிலை இறக்கி டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பகுதி) உட்பட எல்லாவற்றையும் பிரிக்கணும் என்கிறார்கள். இன்னொருவர், அதிர்வை உறிஞ்சுகிற ஸ்டீயரிங் டேம்பர் ஒன்று போட்டால் போதும் என்கிறார். டிஃபரன்ஷியலில் சத்தம் எதுவும் இல்லை. எதில் தொடங்குவது?

குன்னூர் ஃபோர்வீல்:

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். சத்தம் இல்லாத கிரவுன் பினியனைத் தொடவே தொடாதீர்கள். நன்றாகப் படிந்து ஓடுகிற பல்லைப் பிரித்து, மறுபடி அதே இடத்தில் உட்கார வைக்கிற ஆள் இப்போது குறைவு. சிஜே 3பியில் முன்னும் பின்னும் 5.38 பல் ரேஷியோ. முன்பக்கத்தைக் கெடுத்துவிட்டு வேறு ரேஷியோ கிரவுன் பினியன் வாங்கி மாட்டினால், ஃபோர்வீல் போடும்போது இரண்டு ஆக்சிலும் ஒன்றோடு ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் நிரப்புகிற பிளக்கைத் திறந்து மட்டம் பாருங்கள். அப்புறம் நக்கிளில் உள்ள பிளக். டிஃபரன்ஷியலில் மட்டம் இறங்கி, இடது நக்கிள் மட்டும் நிரம்பி வழிந்தால், ஆக்சில் குழாய் முனையில் இருக்கிற உள் சீல் போயிருக்கிறது. அந்த நிலையில் வெளியே ஃபெல்ட் சீல், ரப்பர் சீல் எத்தனை புதுசு மாற்றினாலும் கசியும். டிஃபரன்ஷியல் மட்டம் சரியாக இருந்தால் வெளிச் சீல் மட்டும்தான்.

இதற்கும் முன்னால், ஆக்சில் ஹவுசிங் மேல் காற்று போக இருக்கிற சின்ன பிரீதரைத் தேடுங்கள். பாதி வண்டிகளில் அது மண்ணும் பெயின்டும் அடைத்துக் கிடக்கும். ஓடி ஓடி ஆக்சில் சூடானால் உள்ளே காற்று விரியும், போக வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒரு கம்பியும் கொஞ்சம் டீசலும் போதும், செலவே இல்லை.

கம்பம் டிரைவர்:

என் வண்டியில் டேம்பர் போட்டேன், உதறல் போய்விட்டது. ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

பட்டாள மெக்கானிக்:

கம்பம் தம்பி, டேம்பர் உதறலை அமுக்கும், காரணத்தைச் சரிசெய்யாது. காரணம் உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். டேம்பர் தேய்ந்த அன்றைக்கு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், அதுவும் மலை இறக்கத்தில்.

போடி தம்பி, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின் பேரிங், அதாவது நக்கிள் திரும்புகிற அச்சில் இருக்கிற பேரிங்.

எனக்கு கிங்பின் மேல்தான் சந்தேகம். இந்த ஆக்சிலில் மேலே ஒன்று, கீழே ஒன்று டேப்பர் பேரிங். அவை சும்மா ஆட்டம் இல்லாமல் இருந்தால் போதாது, இறுக்கமாகவே இருக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் சக்கரம் தானாக உதறாமல் பிடித்து வைக்கிறது. நம் ஊரில் சீல் மாற்றுகிறவர்கள் பேரிங்கையும் மாற்றுவார்கள், ஆனால் கழற்றிய சிம்மை (மூடிக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடு) அப்படியே திருப்பி வைத்துவிடுவார்கள். இறுக்கத்தை யாரும் அளப்பதில்லை. கையால் ஆட்டிப் பார்த்து "ஃப்ரீயா இருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த ஃப்ரீதான் கோளாறு!

அளக்கிற முறை இது. ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே எடுத்துவிட்டு, நக்கிள் சீலும் இல்லாமல், டை ராடையும் கழற்றிவிட்டு, பேரிங்கும் நக்கிளும் மட்டும் மாட்டி மூடிகளை முழுசாக இறுக்குங்கள். டை ராட் மாட்டுகிற ஓட்டையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் போட்டு நேராக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்குகிற நேரத்தில் 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை முதல் ஏழு கிலோ காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் சிம் எடுங்கள், கூடினால் சிம் சேருங்கள். 3, 5, 10, 30 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சிம் உண்டு. மேலும் கீழும் பங்கிட்டு வையுங்கள், ஒரே பக்கம் குவித்தால் நக்கிள் ஷாஃப்ட்டின் மையத்தைவிட்டு விலகிவிடும்.

பேரிங் நம்பர்: கோன் (உள் பாகம்) 11590, கப் (வெளி வளையம்) 11520. கப்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஒன்று மறந்தேன். பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் இடது பக்க வீல் நட்டுகள் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். ஸ்டட் தலையில் எல் என்று இருக்கும். தெரியாமல் குழாய் போட்டு மிதித்து ஸ்டட்டை முறிக்காதீர்கள்.

போடி ஜீப்:

ஐயா, சொன்னபடி பார்த்தேன். பிரீதர் அடைத்துத்தான் இருந்தது. டிஃபரன்ஷியலில் விரலை விட்டால் ஆயில் எட்டவில்லை. இடது நக்கிள் பிளக்கைத் திறந்ததும் கொட்டியது. ஆக, உள் சீல்.

பிரேக் மிதித்த பிறகும் இடது டயர் ஆடியது. பிரித்துவிட்டேன். பிரேக் ஹோஸைக் கழற்றாமல் பிளேட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், பிரேக்கில் ஏர் எடுக்கிற வேலை மிச்சம். கீழ் பேரிங் கப்பில் ரோலர் நின்ற இடமெல்லாம் வரி வரியாகப் பள்ளம். மேலே சிம் தடியாக அடுக்கியிருக்கிறது, கீழே ஒன்றுகூட இல்லை.

இரண்டு கேள்வி. பந்தின் மேல் துருப் பொரிகள் இருக்கின்றன, சில நகம் மாட்டுகிற ஆழம். புதுச் சீல் தாங்குமா? உள்ளே ஷாஃப்ட் மடங்கிச் சுற்றுகிற இடத்தில் இருக்கிற கிராஸ் ஜாயின்ட், லேசாக ஆடுகிறது. மாற்றணுமா?

கோவை லேத்:

கிராஸ் ஆடினால் மாற்றுங்கள், யோசிக்காதீர்கள். அப்படியே ஸ்பிண்டில் உள்ளே இருக்கிற வெண்கல புஷ்ஷையும் பாருங்கள். அது தேய்ந்தால் ஷாஃப்ட் தொங்கும், புது உள் சீலையும் சீக்கிரம் தின்றுவிடும். உள் சீல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புஷ் லேத்தில் கடைந்துகொள்ளலாம், பெரிய வேலை இல்லை.

பந்து விஷயம்: பொரி மேடாக இருந்தால்தான் சீலைக் கிழிக்கும். பள்ளமாக இருந்தால் அந்த வழியாகக் கொஞ்சம் கசியும். முதலில் கம்பி பிரஷ், அப்புறம் எமரி பேப்பர். பந்தின் வளைவோடு சுற்றித் தேயுங்கள், ஒரே இடத்தில் தட்டையாக்காதீர்கள். ஆழமான பள்ளத்தில் மெட்டல் எபாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் வளைவுக்குத் தேய்த்துவிடலாம். சாலிட் ஆக்சிலில் இந்த இடம் ஓடும்போது சுற்றுவதில்லை, திரும்பும்போது மட்டும் உரசுவதுதான், எபாக்ஸி தாங்கும். வெல்டிங் வைத்து நிரப்புவதற்கு நான் எதிரி. சூட்டில் பந்து கோணினால் அப்புறம் எந்தச் சீலும் பொருந்தாது.

ஃபெல்ட்டை ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள். மேல் கிங்பின் பேரிங்கைக் கையால் க்ரீஸ் திணித்து மாட்டுங்கள், நக்கிளில் இருக்கிற ஆயில் மட்டம் அதுவரை எட்டாது. வறண்டு ஓடித்தான் மேல் பேரிங் சாகிறது.

குன்னூர் ஃபோர்வீல்:

பிரித்துவிட்டீர்கள், அப்படியே இன்னும் மூன்று இடம். முன் கிராஸ் மெம்பரில் இருக்கிற பெல் கிராங்க்: டை ராட் இரண்டும் அதில்தான் மாட்டுகிறது. அதன் அச்சாணியும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் டை ராட் எண்ட் நாலும் புதுசாக இருந்தும் பயனில்லை. ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக அசைக்க, நீங்கள் கீழே படுத்துப் பெல் கிராங்கைப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது காஸ்டர், அதாவது கிங்பின் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கிற கோணம். 3 டிகிரி வேண்டும். உங்கள் டீசல் எஞ்சின் பழைய பெட்ரோலைவிட கனம், முன் பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும், காஸ்டர் மாறியிருக்கும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் பட்டையே படுத்துப் போயிருந்தால் முதலில் பட்டையைக் கட்டுங்கள்.

கடைசியாக டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கிக் குறுகியிருக்கிற அளவு, 1.2 முதல் 2.4 மி.மீ. வரை. இதை எல்லாம் மாட்டி, வண்டி தரையில் நின்ற பிறகு பாருங்கள்.

போடி ஜீப்:

மாட்டி முடித்தாயிற்று. ஸ்பிரிங் தராசு ஏலக்காய் வியாபாரியிடம் இரவல். இடது பக்கம் சிம்மை எடுத்து எடுத்து, கடைசியில் 6 கிலோவில் நின்றது. வலது பக்கம் அளந்தால் 2 கிலோகூட இல்லை, அதையும் பிரித்துப் புது பேரிங் போட்டு 6 ஆக்கிவிட்டேன். பெல் கிராங்க் புஷ்ஷும் மாற்றினேன். உதறல் இல்லை, வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டும் பார்த்தேன். டிஃபரன்ஷியல் மட்டம் இறங்கவில்லை. பந்தில் லேசான ஈரப்பூச்சு மட்டும்.

ஒரே குறை, நின்ற இடத்தில் திருப்பினால் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது. சிம் அதிகமாக எடுத்துவிட்டேனா?

பட்டாள மெக்கானிக்:

6 கிலோ சரிதான், தொடாதீர்கள். பேரிங்கும் சீலும் புதுசு, படியும்வரை அப்படித்தான் இருக்கும். திருப்பிய பிறகு வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருகிறதா, அதை மட்டும் கவனியுங்கள். வராமல் நின்றால் முதலில் காஸ்டரைப் பாருங்கள், அப்புறம்தான் சிம். பந்தில் ஈரப்பூச்சு இருக்கத்தான் வேண்டும், சொட்டினால்தான் கவலை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு கிங்பின் மூடி போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். இடது பக்க பிரேக் ஷூவில் பழைய ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். பழைய ஷூவோடு போடிமெட்டு இறங்க வேண்டாம்.

போடி ஜீப்:

ஷூ நேற்றே மாற்றினேன் ஐயா, இரண்டு பக்கமும். நன்றி.