கிட்டார் பதிவில் போகாத இரைச்சல், வழி சொல்லுங்கள்

வணக்கம். வயது 46, ஊர் கோவை. வேலை, பிள்ளைகள் படிப்பு போக அதிகாலை 4:30 முதல் 6 வரைதான் என் நேரம். அதில் 14 மாதமாக ஒரு தமிழ் ராக் ஆல்பம் செய்கிறேன். ஒன்பது பாட்டில் ஆறுக்கு டிரம்ஸும் பேஸும் முடிந்தன. எலெக்ட்ரிக் கிட்டாரில் மாட்டிக்கொண்டேன்.

ஸ்ட்ராட் வகை கிட்டார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். வீட்டில் எல்லோரும் தூங்குவதால் ஆம்ப் கிடையாது. கிட்டாரை லேப்டாப்பில் இணைக்க யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டர். டிஸ்டார்ஷன் (ராக் கிட்டாரின் கரகரப்பு) ஏற்றினால் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடுகிறது. கம்பியைத் தொட்டால் கொஞ்சம் அடங்கும். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினால் பாதியாகக் குறையும், ஆனால் அப்போது லேப்டாப் திரை முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

கேபிள் மாற்றினேன். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினேன். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்தினேன். எலெக்ட்ரீஷியன் எர்த் சரியாக இருக்கிறது என்றார். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் அதை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால் நீண்டு ஒலிக்க வேண்டிய கடைசி ஸ்வரம் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. அந்த ஸ்வரத்துக்காகத்தான் பாட்டே எழுதினேன், அதைக் கைவிட மனமில்லை.

கிட்டாருக்குள் காப்பர் டேப் ஒட்டி ஷீல்டிங் செய்தால் போதுமா, அல்லது பிக்கப்பையே ஹம்பக்கராக (இரைச்சலை ரத்து செய்யும் இரட்டைச் சுருள் வகை) மாற்ற வேண்டுமா?