சிகாகோ சிக்னல் கேமரா: விபத்துக் கணக்கு பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிவப்பு விளக்கை மீறும் வண்டிகளைப் படமெடுத்து அபராதம் விதிக்க உதவும் சிவப்பு விளக்கு கேமராக்கள் தொடர வேண்டுமா என்று எங்கள் வார்டு கூட்டத்தில் பேசப் போகிறார்கள். வேண்டும் என்பதே என் பக்கம். கையில் கணக்கு இல்லாமல் பேசினால் எடுபடாது.

இந்தக் கேமராக்களால் என்ன மாற்றம் என்று 2017இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இங்கேயே ஆராய்ந்தது. காயம் உண்டாக்கும் விபத்துகளில், பக்கவாட்டில் மோதுவதும் திரும்பும்போது மோதுவதும் 19 சதவீதம் குறைந்தன. பின்னால் வந்து இடிப்பது 14 சதவீதம் கூடியது. ஆனால் ஆபத்து அதிகம் முதல் வகையில்தான்.

எதிர்ப்பவர்களின் கோபமும் நியாயமானது. 2003இல் தொடங்கிய திட்டம் இது. கேமரா நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரிக்கு 2016இல் 10 ஆண்டு சிறை கிடைத்தது. அப்புறம், 100 டாலர் அபராதம் வாடகைக்கே தவிக்கிற குடும்பத்துக்குப் பெரிய அடி. அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். அதற்காகக் கேமராவையே கழற்றுவதா?

நகராட்சியின் இணையத் தரவுத் தளத்தில் கேமரா வாரியாக விதிமீறல் எண்ணிக்கையும், விபத்து விவரங்களும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. இரண்டையும் இணைத்து, எங்கள் பகுதிச் சந்திப்புகளுக்கு மட்டும் ஆண்டு வாரியாக ஓர் அட்டவணை போடத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? ஒவ்வொரு சந்திப்பிலும் மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி எரிகிறது என்பதை யாரிடம் கேட்டு வாங்குவது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.