புதுப்பிப்பு: வயிறு காலியாகத் தாமதம், ஜி-போயம் என்ற எண்டோஸ்கோப்பி சிகிச்சை செய்துகொண்டேன்

மூன்று மாதம் முன்பு, "நேற்று சாப்பிட்டது இன்று வாந்தியில் அப்படியே வருகிறது, மாத்திரை கேட்கவில்லை, அடுத்து என்ன?" என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

ஸ்கேனில் 4 மணி நேரம் கழித்தும் 38% உணவு வயிற்றிலேயே கிடந்தது. 10%-ஐத் தாண்டினாலே தாமதம்தான். வயிற்றின் வெளிவாய்த் தசையைத் தளர்த்தப் போடும் போடாக்ஸ் ஊசியை டாக்டரே வேண்டாம் என்றார். ஆய்வுகளில் மருந்தில்லாத வெற்று ஊசியைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லையாம்.

ஜி-போயம் 2013-இல்தான் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. மயக்கம் கொடுத்து, வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, வயிற்றின் உள்சவ்வுக்கு அடியில் சுரங்கம்போல வழி எடுத்து, பைலோரஸ் என்ற அந்த வெளிவாய்த் தசையை வெட்டிவிட்டு, நுழைந்த வாயைக் கிளிப் போட்டு மூடுகிறார்கள். வெளியே தழும்பே இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தும் அம்மா நம்பவில்லை!

வாந்தி நின்றுவிட்டது. நாலு வாய்க்கே வயிறு திம்மென்று ஆவது மட்டும் இன்னும் போகவில்லை. மறு ஸ்கேன் அடுத்த வாரம்.