ஆத்தங்குடித் தரை, சுண்ணாம்புப் பூச்சு: எங்கே தவறுகிறது?

புதுமனை_திருச்சி கேட்டது:

வணக்கம். திருச்சியில் 1,000 சதுர அடியில் தரைத்தள வீடு. செங்கல் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட்டும் போட்டாயிற்று. இனி பூச்சும் தரையும்தான் பாக்கி. கூடம், இரண்டு அறை, முன் திண்ணை என 600 சதுர அடிக்கு ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்கிற சிமெண்ட் தரைக்கல்) பதிக்கலாம், உள்சுவருக்கு சிமெண்ட், பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவு) இல்லாமல் சுண்ணாம்புப் பூச்சு போடலாம் என்று எண்ணம். அழகாகவும் இருக்க வேண்டும், வெயிலுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், சிமெண்டும் குறைய வேண்டும். கொத்தனாரோ, "ஆத்தங்குடி ரெண்டு வருஷத்துல மங்கிடும், சுண்ணாம்பு கொட்டிடும்" என்கிறார். அது உண்மையா? எத்தனை கல் வாங்குவது, எது முதலில், எது பிறகு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டிநாட்டுத்தரை பதில்:

மங்கிய தரைகள் நிறையவே உண்டு. விட்ரிஃபைடு டைல்ஸ் போடுகிற கையோடு இதையும் பதித்து, ஆசிட் ஊற்றிக் கழுவினால் மங்கத்தான் செய்யும்.

இந்தக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட்-மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணி, காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியை விட்டுக் கழலும்போது வருகிற வழவழப்புதான் அதன் மினுமினுப்பு. மேலே வேறு பூச்சு கிடையாது. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அந்த இடம் வெளிறிப்போகும்.

கணக்கு: 10 அங்குலக் கல் சதுர அடிக்கு 1.44 ஆகும். 600 சதுர அடிக்கு 864. அறுபடுவது, மூலை உடைவது, பின்னால் மாற்றுவது எல்லாம் சேர்த்து 930 வாங்குங்கள். 8 அங்குலம் என்றால் 1,350, அதற்கும் மேலே 7 சதவீதம். மொத்தத்தையும் ஒரே தடவையில் செய்து தரச் சொல்லுங்கள். நிறத்தைக் கையால் கலக்கிறார்கள். அடுத்த மாதம் வருகிற சிவப்பு இந்தச் சிவப்பாக இருக்காது. பதிக்கும்போதும் நான்கைந்து கட்டிலிருந்து மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதே பார்க்க வேண்டியது மட்டம். கல் முக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்கும், அடியில் கலவை ஒன்றரை அங்குலம். ஆக இரண்டே கால் அங்குலம் ஏறும். கதவு நிலை வைக்கும்போது இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால் கதவின் அடியை அறுக்க வேண்டி வரும். குளியலறை வாசலில் தண்ணீர் உள்ளே திரும்பும்.

பசை தடவி ஒட்டுகிற முறை இதற்குச் சரிவராது. கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் கனம் மாறும். அதை 1:5 சிமெண்ட்-மணல் கலவைப் படுகைதான் வாங்கிக்கொள்ளும். கல்லின் அடிப்பக்கத்தை நனைத்து, இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டிப் பதியுங்கள். சுத்தியலால் தட்டினால் மூலை பெயரும். கையால் அமுக்கி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். இணைப்பில் வழிகிற சிமெண்ட் பாலை அப்போதைக்கப்போது ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் நம் ஆட்கள் ஆசிட்டைத்தான் தேடுவார்கள், தரை கெடுவது அங்கேதான். மிச்சம் ஒட்டியிருக்கிற கறைக்கு உமியைத் தூவித் தேய்த்தால் போதும்.

முதல் சில வாரம் வெண்மையாக உப்புப் பூக்கலாம். உப்பு போர்த் தண்ணீரில் கலவை போட்டால் இன்னும் அதிகம். பயப்படாமல் உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள், நின்றுவிடும். அந்தச் சமயத்தில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடினால் அடியிலிருந்து வருகிற ஈரம் வெளியேற வழியின்றி திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும். பிறகு வாரம் ஒருமுறை, ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். நடக்க நடக்கத்தான் இந்தத் தரைக்கு மெருகு ஏறும்.

சமையல் மேடை ஓரத்திலும் குளியலறையிலும் இது வேண்டாம். புளியும் மஞ்சளும் சிந்துகிற இரண்டடி அகலத்துக்குக் கடப்பா கல் போடுங்கள். திண்ணையில் மழைச்சாரல் அடிக்கிற விளிம்புக்கும் அதுவே நல்லது.

ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இதிலும் சிமெண்ட் இருக்கிறது. ஆனால் சூளை எரிபொருள் மிச்சம், விட்ரிஃபைடு டைல்ஸ் மாதிரி குஜராத் மோர்பியிலிருந்து லாரி ஏறி வராமல் நூறு கிலோமீட்டர் தூரத்தில் கிடைக்கிறது, செய்கிற கைக்குக் கூலி போகிறது.

நீற்றுச்சுண்ணாம்பு பதில்:

தரையைப் பற்றி மேலே சொன்னது எல்லாமே சரி. நான் சுவருக்கு வருகிறேன்.

சுண்ணாம்பு கொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கொதித்து அடங்கியதும் சல்லடையில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள். ஊறாத துகள் சுவருக்குள் போனால், பூசிய பிறகு அங்கே நீறி, ஊதி, பொரி மாதிரி வெடித்து விழும். உங்கள் கொத்தனார் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

அளவு: ஊறல் (ஊறிய சுண்ணாம்பு விழுது) ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மணலின் இடுக்கில் சுண்ணாம்பு போய் உட்கார்ந்துவிடுவதால், மணல் எவ்வளவோ கலவையும் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கும். 100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில் பூச, செங்கல் இடுக்கையும் சேர்த்து 5 கன அடி மணல், 1.7 கன அடி ஊறல் ஆகும்.

கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பதாக இருந்தால் இரும்பு டிரம்மில் ஊறப்போடாதீர்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி கறுத்து, சுவரில் கறையாக வரும். வெல்லமும் அளவோடுதான், கூடினால் பூச்சு இறுகுவது தள்ளிப்போகும்.

சுவரை முதல்நாள் மாலையே நன்றாக நனைத்துவிடுங்கள். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பூச்சு பிடிக்காது, தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும். முதல் பூச்சு விரலால் அமுக்கினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியதும் கீறிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பிறகு பத்து நாள் தண்ணீர் தெளிப்புதான். ஓஸ் பைப்பை நேராகப் பாய்ச்ச வேண்டாம். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினால் வெயிலும் காற்றும் நேராகப் படாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாகக் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இந்தப் பாடு அத்தனையும் வீண். சுவரின் ஈரம் வெளியே வர முடியாமல் பெயிண்ட் தோலாக உரியும். பால் பதத்தில் சுண்ணாம்பை மூன்று தடவை மெல்லியதாக அடியுங்கள். நிறம் வேண்டுமானால் காவியோ மஞ்சள் ஆக்சைடோ கலக்கலாம். காய்ந்தால் ஈரத்தில் தெரிந்ததைவிட நன்றாக வெளிறும். அதனால் ஒரு முழம் அடித்துக் காயவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதுமனை_திருச்சி:

மிக்க நன்றி. கொத்தனார் இப்போது, "சுண்ணாம்புல சட்டிக்கு ஒரு கரண்டி சிமெண்ட் போட்டா சீக்கிரம் இறுகும்" என்கிறார். போடலாமா? தரையை முதலில் முடிக்கலாமா?

நீற்றுச்சுண்ணாம்பு பதில்:

போடாதீர்கள். ஒரு கரண்டி சிமெண்டில் சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் நெகிழ்வும் போய்விடும். சுண்ணாம்பு சுட 900 டிகிரி போதும், சிமெண்டுக்கு 1,450 வேண்டும். அதைக் குறைக்கத்தானே இவ்வளவும் செய்கிறீர்கள். குளியலறைச் சுவருக்கு மட்டும் முழு சிமெண்ட் பூச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி: ஒயரிங் பைப், சுவிட்ச் பெட்டி, தண்ணீர்க் குழாய், பூச்சு, வெள்ளையடிப்பு, கடைசியில் தரை. தரையை முதலில் போட்டால் சொட்டுகிற சுண்ணாம்பைச் சுரண்டியே கல் பாழாகும். பூச்சுக்குப் பின் சுவரை வெட்டினால் ஒட்டு எப்போதும் தெரியும்.

தட்டோடு பதில்:

குளிர்ச்சி என்று கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை. சுண்ணாம்புப் பூச்சை நம்பி மட்டும் வீடு குளிராது. தரைத்தள வீட்டுக்கு வெயில் முக்கியமாக இறங்குவது மேல்தளம் வழியாக, அடுத்து மேற்குச் சுவர் வழியாக. மேலே 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மரக்கட்டையால் நன்றாகத் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதியுங்கள். ஓட்டின்மேல் வெள்ளையடித்தால் இன்னும் நல்லது. ஜல்லி போடும்போதே தண்ணீர் வாட்டத்தை மழைக்குழாய்ப் பக்கம் சரித்துவிடுங்கள். ஓடு பதிக்கும்போது சரிக்கப் பார்த்தால் நடுவில் தண்ணீர் தேங்கும்.

இந்தச் சுமை தாங்குமா என்று தளம் வடிவமைத்த பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஜல்லி ஏற்றுவதற்கு முன் வெறும் கான்கிரீட்டில் வரப்பு கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கசிவு இருந்தால் இப்போதே தெரியட்டும். ஓடு பதித்த பிறகு கசிந்தால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கவே மொத்தத்தையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.