சின்னப்பன் என்பது பைபிள் பெயர்தானா?

புதூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் மகனுக்கு ஞானஸ்நானம். எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். என் அப்பா பெயர் சின்னப்பன். பேரன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அதனால் அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கே.புதூர் லூர்தன்னை கோயிலில் பூசை பார்த்து வளர்ந்தேன். கணவர் வீடு சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்த சபை, நரிமேட்டில் இருக்கிறோம். அப்பா பெயரைச் சொன்னதும் அத்தை, "வேதத்தில இருக்கிற பேரா வையும்மா. சின்னப்பன்னா சின்னய்யா, சித்தப்பா மாதிரி ஊர்ப்பேருதானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார். நானும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு இரண்டிலும் தேடிவிட்டேன், அந்தப் பெயரில் யாரும் இல்லை. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தமிழையா:

அம்மா, தாராளமாக வையுங்கள். சின்னப்பன் என்பது அப்போஸ்தலர் பவுல். அசல் பைபிள் பெயர்.

பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்று பொருள். அதைத்தான் நம் பழைய கத்தோலிக்கர்கள் சின்னப்பர் என்று தமிழாக்கினார்கள். சீர்திருத்த சபை மொழிபெயர்ப்பில் பெயரின் ஓசை வந்தது. கத்தோலிக்கர் வழக்கில் பல பெயர்களின் பொருள் வந்தது. யோவான் என்றால் எபிரேயத்தில் 'கர்த்தர் அருளினார்' என்று அர்த்தம், ஆகவே அருளப்பர். கிரேக்கத்தில் ஸ்தெபானோஸ் என்றால் கிரீடம், ஆகவே ஸ்தேவான் முடியப்பர் ஆனார். அந்திரேயா என்ற பெயரில் ஆண்மை, வீரம் என்ற பொருள் இருக்கிறது. அவர்தான் பெலவேந்திரர். முடியப்பன், பெலவேந்திரன் என்ற பெயர்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு அப்போஸ்தலர் காலம் நினைவுக்கு வராது. எனக்கு அது பெரிய வருத்தம்.

மதுரைக்கு இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி வந்தது 1606-ல். இங்கே தத்துவ போதகர் என்ற பெயரோடு வாழ்ந்தார். அவருக்கு நூறு வருஷம் கழித்து வந்த இன்னொரு இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி, முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். அவருடைய கான்ஸ்தான்சோ என்ற பெயருக்கே நிலை குலையாதவன் என்று அர்த்தம், தைரியநாதர் அதிலிருந்து வந்ததுதான். தேம்பாவணி காவியத்தில் அவர் சூசையப்பரை, அதாவது மரியாளின் கணவர் யோசேப்பை, வளன் என்றே அழைக்கிறார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'அவர் பெருகச் செய்வார்' என்று பொருள். பெருக்கத்தை வளம் ஆக்கி, வளத்தை வளன் ஆக்கினார். இதைவிட அழகாக ஒரு பெயரைத் தமிழுக்குக் கொண்டுவர முடியுமா?

1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு, இரு பக்கமும் பவுல், யோவான் என்றே படிக்கிறோம். ஒற்றுமைக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் பைபிளைப் புரட்டியும் அப்பா பெயர் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுவே.

ஒன்று செய்யுங்கள். அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பல பங்குகளில் லத்தீனில்தான் எழுதினார்கள். என் தகப்பனார் பெயர் முடியப்பன். அவருடைய ஞானஸ்நானச் சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோய் என்னிடம் இருக்கிறது. நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் 'ஸ்தெபானுஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. முடியப்பன் என்ற சொல்லே அதில் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு 'பவுலுஸ்' என்று எழுதியிருந்தால் அத்தையிடம் அப்படியே காட்டலாம்.

உபதேசியார் மகன்:

அக்கா, நானும் சி.எஸ்.ஐ.தான். ஐயா சொன்னது சரி. அத்தைக்கு வேத வசனமே வேண்டுமென்றால் எபேசியர் 3:8 எடுத்துக் கொடுங்கள். "பரிசுத்தவான்களெல்லாரிலும் சிறியவனாகிய நான்" என்று பவுலே தம்மைப் பற்றி எழுதுகிறார். 1 கொரிந்தியர் 15:9-லும் அப்போஸ்தலர் எல்லாரிலும் சிறியவன் என்கிறார்.

அப்புறம் இன்னொன்று. தமஸ்குவுக்குப் போகும் வழியில் சவுல் என்ற பெயர் பவுல் என்று மாறியது என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் அப்படி இல்லை. வழியில் ஒளி பட்டுக் கண் தெரியாமல் இருந்த சவுல்மேல் கை வைத்த அனனியா, அவரைச் சகோதரனாகிய சவுலே என்றுதான் கூப்பிடுகிறார். பவுல் என்ற பெயர் முதலில் வருவது 13:9-ல், சீப்புரு தீவில். அவர் பென்யமீன் கோத்திரத்து யூதர், அந்தக் கோத்திரத்தில் பிறந்த இஸ்ரவேலின் முதல் ராஜா பெயரும் சவுல். அதே சமயம் தர்சு பட்டணத்தில் பிறந்த ரோமக் குடிமகன். வீட்டுக்கு ஒரு பெயர், ரோமருக்கு ஒரு பெயர் என்று இரண்டுமே அவருக்கு முன்பே இருந்திருக்கும். சவுல் என்றால் கேட்டுப் பெற்ற பிள்ளை.

வேண்டுமானால் பவுல் சின்னப்பன் என்று வைத்துவிடுங்களேன், இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம்.

ஓரியூர்ப் பக்கம்:

எங்கள் ஊர்ப்பக்கம் அருளானந்து இல்லாத தெருவே இருக்காது. 1693-ல் ஓரியூரில் தலை வெட்டுண்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோவின் தமிழ்ப்பெயர் அருளானந்தர். அந்த 'அருள்'கூட யோவானின் அருள்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. நன்றி ஐயா.

தமிழையா:

தம்பி, பவுல் சின்னப்பன் என்றால் ஒரே பெயரை இரண்டு தரம் சொன்ன மாதிரி. தப்பில்லை, வைத்தவர்கள் உண்டு. ஆனாலும் சின்னப்பன் தனியாகவே நிற்கும். ஊன்றுகோல் எதற்கு?

புதூர்க்காரி:

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. எபேசியர் வசனத்தை அத்தை தன் வேதாகமத்திலேயே எடுத்து வாசித்தார். "சரி, உங்க அப்பா பேரையே வை" என்று சொல்லிவிட்டார். சின்னப்பன் மட்டும்தான் வைக்கப்போகிறோம்.

அப்படியே இன்னொரு சந்தேகம். அம்மாச்சி பெயர் சந்தியாகம்மாள். அது என்ன பெயர்?

தமிழையா:

அது யாக்கோபு, அம்மா. கிரேக்கத்தில் இயாகோபோஸ் ஆகி, ஸ்பானியரிடமும் போர்த்துக்கீசியரிடமும் இயாகு என்று தேய்ந்து, முன்னால் புனிதர் என்ற சொல் ஒட்டிக்கொண்டு சந்தியாகு ஆனது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கூடவே வந்த பெயர். தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது, ராமேஸ்வரம் போனால் பார்க்கலாம். இது ஓசையாக வந்த பெயர், சின்னப்பன் மாதிரிப் பொருள்பெயர்ப்பு இல்லை. பொருள் வேண்டுமென்றால் ஆதியாகமம் 25:26 பாருங்கள். ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்ததால் யாக்கோபு. எபிரேயத்தில் குதிகாலுக்கான சொல்லும் இந்தப் பெயரும் ஒரே வேர்.

பதிவேடு பார்க்கப் போகும்போது அப்பா பிறந்த வருஷத்தையும் அவருடைய பெற்றோர் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே வருஷத்தில் பல பவுலுஸ் இருப்பார்கள்.